போக்குக் காட்டும் கலை: பர்லெஸ்க் மேடையில் முதல் நான்கு நிமிடத்துக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்துகொண்டு பர்லெஸ்க் ஆட வேண்டும் என்று கிளம்பினால் யாரைக் கேட்பது? எனக்கு ஆள் கிடைக்கவில்லை. வெளிநாட்டு ஆசிரியர்களின் இணைய வகுப்புகளில் கையுறையைக் கழற்றக் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் கையுறைக்குத் துணி எங்கே வாங்குவது, மண்டபக்காரரிடம் என்ன சொல்வது, போலீஸ் ஸ்டேஷனில் எப்படி எழுதிக் கொடுப்பது, பார்க்க வந்தவர்களின் கைபேசியை என்ன செய்வது என்பதையெல்லாம் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. எட்டு மாதம் அலைந்தேன். ஒரு முன்பணம் போனது, ஒரு உடை வீணானது, ஒரு வீடியோ வெளியே போனது. அப்புறம்தான் கொச்சியில் நாற்பத்தைந்து பெண்கள் முன்னால் நான்கு நிமிடம் ஆடினேன். நீங்கள் அந்த எட்டு மாதத்தை மூன்றாகக் குறைக்கலாம்.

பர்லெஸ்க் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பாத்திரம், ஒரு பாட்டு, அடுக்கடுக்கான உடை. ஆடுபவர் அந்த அடுக்குகளைக் கழற்றுவார், அல்லது கழற்றப்போவதாகப் போக்குக் காட்டுவார். நகைச்சுவை உண்டு, கவர்ச்சி உண்டு. யாருக்கு எவ்வளவு, எப்போது காட்டுவது என்பதை ஆடுபவரே தீர்மானிப்பார். எனக்கு இந்தக் கலையில் பிடித்ததே அந்தக் கடைசி விஷயம்தான். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்தத் தீர்மானம் உங்கள் கையை விட்டுப் போகாமல் இருப்பதற்காகத்தான்.

1. எதுவரை என்பதை முதலில் எழுதி வையுங்கள்

பாட்டு, துணி எல்லாம் அப்புறம். ஒரு தாளில் உடலில் கடைசியாக என்ன இருக்கும் என்று எழுதுங்கள். என் தாளில் எழுதியது: தோல் நிற வலைத்துணியில் கழுத்து முதல் தொடை வரை ஒரு பாடிசூட், அதன்மேல் சம்கி வைத்த லியோடார்ட் (நீச்சல் உடை மாதிரி உடலோடு ஒட்டிய ஒற்றை உடை). இதற்குக் கீழே எதுவும் போகாது. வெளிநாட்டு மேடைகளில் இன்னும் குறைவாக இருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே அதற்கென்று அரங்குகளும் பழக்கமும் இருக்கின்றன. நம் ஊரில் சட்டத்தையும் ஊரையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இது இந்திய தண்டனைச் சட்டத்தில் 294-ஆக இருந்தது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லை தரும் வகையில் ஆபாசமாக எதையாவது செய்தாலோ பாடினாலோ மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஸ்டேஷனில் உட்கார வைக்கும் ஒரு இரவு சிறியது இல்லை. எது ஆபாசம் என்று அந்தப் பிரிவு விளக்கவும் இல்லை. அதனால் உங்கள் கடைசி அடுக்கு, யார் வந்து பார்த்தாலும் தயங்காமல் நிற்கக்கூடியதாக இருக்கட்டும். நீச்சல் உடை அளவுக்கு மறைத்தாலும் பர்லெஸ்க் பர்லெஸ்க்தான். கலை எங்கே இருக்கிறது என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

மேடைப் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வீட்டுப் பெயர், குலதெய்வத்தின் பெயர், ஊர்ப் பெயர் எதுவும் அதில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

2. பாட்டை எண்ணுங்கள்

முதல் ஆட்டத்துக்கு மூன்றரை முதல் நான்கு நிமிடம் போதும். வேகம் நிமிடத்துக்கு 90-லிருந்து 110 தாளத் தட்டு வரை இருந்தால் மூச்சு வாங்காது. நான் 96-இல் எடுத்தேன். அதில் எட்டுத் தட்டு சரியாக ஐந்து வினாடி. நான்கு நிமிடத்துக்கு 48 எட்டுகள். ஒரு நோட்டில் 1 முதல் 48 வரை எழுதி, எந்த எட்டில் நுழைவு, எந்த எட்டில் முதல் கையுறை, எந்த எட்டில் சும்மா நிற்பது என்று குறித்தேன். சும்மா நிற்கும் எட்டுகள் குறைந்தது ஆறு இருக்கட்டும். புதியவர்கள் இதைத்தான் விடுகிறோம். நானும் முதல் வரைவில் 48-லும் அசைந்துகொண்டே இருந்தேன்.

உரிமை விஷயத்தைக் கவனியுங்கள். மண்டபத்தில் பதிவுசெய்த பாட்டைப் போட்டால் இரண்டு உரிமைகள் வருகின்றன: ஒலிப்பதிவுக்கு ஒன்று, மெட்டுக்கும் வரிகளுக்கும் இன்னொன்று. முதலாவதற்குப் பிபிஎல், இரண்டாவதற்கு ஐபிஆர்எஸ் என்று உரிமம் தரும் அமைப்புகள் இருக்கின்றன. மண்டபமோ ஏற்பாட்டாளரோ எடுத்திருந்தால் நகல் கேளுங்கள். "பழைய பாட்டுதானே" என்று நினைப்பது பெரிய பொறி. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு உரிமை. ஆனால் இசையமைப்பாளரின் உரிமை அவர் காலமான பிறகும் 60 ஆண்டு ஓடும். பதிவு விடுபட்டாலும் மெட்டு விடுபடாமல் இருக்கலாம். கல்யாண பேண்டில் சாக்ஸபோன் வாசிக்கும் ஒருவரிடம் 2,500 ரூபாய் கொடுத்துப் புதிதாக ஒரு மெட்டு வாசிக்கச் சொன்னேன். உரிமையை எழுதி வாங்கிக்கொண்டேன். கவலை தீர்ந்தது, எனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்தங்களும் கிடைத்தன.

3. போக்குக் காட்டுவதைப் பழகுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் இதற்கு வேண்டும். என் கணக்கில் நாளுக்கு முக்கால் மணி நேரம், ஆறு வாரம்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் பர்லெஸ்க் ஆசிரியர் இல்லை. பொள்ளாச்சிப் பக்கத்துத் திருவிழாக்களில் பல வருஷம் ஆடல் பாடல் மேடையில் ஆடிய ஒரு அக்கா. என் ஒத்திகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துப்பட்டாவ எடுத்தீன்னா எல்லாம் முடிஞ்சுது கண்ணு. எடுக்கப்போற மாதிரி நாலு தடவ கைய கொண்டுபோ. அப்புறம் எடுக்காமயே விட்டாக்கூட தப்பில்ல." அன்று இரவே நோட்டை மாற்றி எழுதினேன்.

அவர் சொன்னதைப் படியாகப் பிரித்தால் இப்படி வரும். முதலில் பொருளைத் தொட்டு, அது இருக்கிறது என்று காட்டுங்கள். அடுத்து கழற்ற ஆரம்பியுங்கள். நிறுத்துங்கள். பார்ப்பவர்களைப் பாருங்கள். வேறு எங்காவது போங்கள். திரும்பி வாருங்கள். அப்புறம் முடியுங்கள். ஒரு கையுறைக்கு இந்தச் சுற்று முழுவதும் தேவை. இரண்டாவது கையுறைக்குப் பாதி போதும், ஏனென்றால் பார்ப்பவர்களுக்கு இப்போது வழி தெரியும். அவர்கள் எதிர்பார்ப்பதற்கு ஒரு எட்டு முன்னாலோ பின்னாலோ முடித்தால் சிரிப்பு வரும்.

கையுறையை இப்படிக் கழற்றுங்கள். முழங்கைக்கு மேல் வரும் நீளச் சாட்டின் கையுறை வேண்டும். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரல் நுனியையும் கொஞ்சம் இழுத்துத் தளர்த்துங்கள். ஒரு விரலுக்கு இரண்டு தட்டு. மேல் விளிம்பை மணிக்கட்டு வரை உருட்டி இறக்குங்கள். கடைசியில் நடுவிரல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. பல்லால் கடித்து இழுப்பது அழகாக இருக்கும், ஆனால் உதட்டுச் சாயம் துணியில் ஒட்டும். உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் மட்டும் பிடிக்கப் பழகுங்கள். விரல்களைத் தளர்த்தாமல் மேலிருந்து உரித்தால் கையுறை உள்பக்கம் திரும்பி விரலில் சிக்கிக்கொள்ளும். முதல் ஒத்திகையில் எனக்கு எட்டு எட்டுகள் அப்படியே போயின. கையில் பவுடர் போடுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பவுடர் இல்லாமல் சாட்டின் நகராது.

பரதம் கற்றவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பத்து வருஷம் கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்று பழகியிருப்போம். இங்கே அது தலைகீழ். கை தோள்பட்டைக்குப் போகும்போது பார்ப்பவர்களின் கண் உங்கள் தோளுக்குப் போகும். உங்கள் கண் அவர்களுடைய முகத்தில் இருக்க வேண்டும். அவர்கள் பார்ப்பதை நீங்கள் பார்க்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த இடத்தில்தான் அரங்கு சிரிக்கிறது, சத்தம் போடுகிறது. இதைப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. கண்ணாடியை மூடிவிட்டுச் சுவரில் இடது, நடு, வலது என்று மூன்று பொட்டுகள் ஒட்டி, கை எங்கே போனாலும் கண் அந்தப் பொட்டுகளை விடக்கூடாது என்று பழகினேன். ஆனால் பரதத்தில் பதம் என்ற பாட்டு வகைக்கு அபிநயம் பிடித்த அனுபவம் வீணாகாது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு பாவத்தில் காட்டும் பொறுமை அங்கிருந்துதான் எனக்கு வந்தது.

விசிறி வேண்டும் என்றால், தீக்கோழி இறகு விசிறியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். சுங்கமும் சேர்ந்து முதல் ஆட்டத்துக்குத் தாங்காத விலை ஆகும். மூங்கில் கை விசிறி இரண்டு வாங்கி, ஒன்றரை மீட்டர் மெல்லிய பட்டுத்துணியை விளிம்பில் ஒட்டுங்கள். விசிறிக்கு ஒரே விதிதான்: இரண்டும் ஒரே சமயத்தில் விலகக் கூடாது. ஒன்று போகும்போது இன்னொன்று வந்திருக்க வேண்டும். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் இரண்டு தீக்கோழி இறகு விசிறிகளோடு ஆடிப் பெயர் பெற்ற சாலி ராண்டின் ஆட்டம் முழுக்க இந்த விதியில்தான் நிற்கிறது. இன்னொரு அமெரிக்க பர்லெஸ்க் கலைஞர் ஜிப்சி ரோஸ் லீ பேச்சாலும் தாமதத்தாலும் பெயர் வாங்கியவர். கழற்றியது குறைவு. இந்த இருவரையும் தெரிந்துகொண்டால், உடை குறைந்தால்தான் பர்லெஸ்க் என்று யாராவது சொல்லும்போது பதில் இருக்கும்.

இடுப்பைத் தாளத்துக்கு வெட்டுவது, வட்டமாகச் சுழற்றுவது, தோள் குலுக்கல், இதெல்லாம் வீடியோ பார்த்தே வந்துவிடும். நடையை மட்டும் செருப்போடு பழகுங்கள். வெறுங்காலில் பழகிவிட்டு மேடையில் குதிகால் செருப்பு போட்டால் முழங்கால் நடுங்கும்.

4. உடை: தையல்காரரிடம் என்ன சொல்வது

சாட்டின், லேஸ், சம்கிப் பட்டி, குஞ்சம் எல்லாம் கோயம்புத்தூரில் ஒப்பணக்காரத் தெருவிலும் அதைச் சுற்றிய கடைகளிலும் கிடைக்கும். வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போய் ஒரே நாளில் வாங்கி வரலாம். முகூர்த்த சீசனில் சனிக்கிழமை போகாதீர்கள், கடைக்காரர் நின்று பேச மாட்டார்.

தைப்பதுதான் சிக்கல். நாம் சொல்வது தையல்காரருக்குப் புதுசு. என் மாஸ்டர் அளவு எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஏங்கண்ணு, எல்லாரும் பிரியாம தைக்கச் சொல்லுவாங்க. நீ பிரியற மாதிரி தைக்கச் சொல்றயே?" நாடகத்தில் மேடையிலேயே உடை மாற்ற வேண்டும் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, அக்கறையோடு தைத்தார். ஆனால் நான் கழற்றும் வரிசையை எழுதிக் கொடுக்காததால் முதல் உடை வீணானது. பாவாடையின் கொக்கி ரவிக்கைக்கு உள்ளே போய்விட்டது. ரவிக்கையைக் கழற்றாமல் பாவாடை வராது. மறுபடி தைக்க 900 ரூபாய்.

அதனால் வரிசையை எழுதுங்கள்: முதலில் கழற்றுவது கடைசியில் போடப்படும். அதைத் தையல்காரரிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் மற்றதைத் தொடாமல் கழல வேண்டும் என்று சொல்லுங்கள். கொக்கி எல்லாம் நீங்கள் எந்தக் கைப் பழக்கமோ அதற்கு எட்டும் பக்கத்தில் இருக்கட்டும். பாவாடைக்குப் பேன்ட்டுக்கு வைக்கும் பெரிய கொக்கி இரண்டு போதும். சுற்றிக் கட்டும் மாதிரி தைத்தால் ஒரே இழுப்பில் வரும். அழுத்திப் பூட்டும் டிச் பட்டன் பெரிய அளவில் நல்லது. வெல்க்ரோ வேண்டாம். பிரிக்கும்போது சர்ரென்று சத்தம் போடும், காலுறையின் நூலையும் பிடித்து இழுக்கும். ஜிப் வைத்தால் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்குச் சம்கி இருக்கக் கூடாது, இல்லையென்றால் பாதியில் கடித்துக்கொள்ளும்.

காலுறையைப் பட்டியில் மாட்டும் கிளிப்பைக் கையுறையோடு கழற்ற முடியாது. ஆகவே கையுறை எப்போதும் காலுறைக்கு முன்னால் போக வேண்டும். கார்செட் (கயிறு கட்டி இடுப்பை இறுக்கும் மேலுடை) போடுபவர்கள் பின் கயிற்றை முதலில் தளர்த்துங்கள். அப்புறம் முன் கொக்கி இருக்கும் இரண்டு பக்கத்தையும் ஒன்றோடு ஒன்று நெருக்கினால்தான் விடும். முதல் ஆட்டத்துக்குக் கார்செட் வேண்டாம் என்பது என் கருத்து. முன்னால் கொக்கி வைத்த ரவிக்கையே கார்செட் மாதிரி தெரியும்படி தைக்கலாம்.

உடை வந்ததும் வியர்வையோடு ஒத்திகை பாருங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு முறை முழு ஆட்டமும் ஆடி, மூன்றாவது முறை கழற்றிப் பாருங்கள். ஈரத்தில் கழலும் உடைதான் மேடையில் கழலும்.

5. இடமும் காகிதங்களும்

என் முன்பணம் போன கதை இது. பாலக்காட்டில் ஒரு சின்ன மண்டபத்துக்கு 4,000 ரூபாய் கொடுத்தேன். "டான்ஸ் ப்ரோக்ராம்" என்று மட்டும் சொன்னேன். முந்தின நாள் அவர்களுக்கு எப்படியோ விவரம் தெரிந்து, இடம் இல்லை என்றார்கள். ரசீதில் ரத்து பற்றி ஒரு வரியும் இல்லை. பணம் திரும்பி வரவில்லை. அதில் என் தவறும் உண்டு, மறைத்துப் பேசியது நான்தான்.

இரண்டாம் முறை முழுசாக எழுதினேன்: பர்லெஸ்க் பாணி நாடக நடனம், 18 வயது நிறைந்த பெண்களுக்கு மட்டும், அழைப்பின் பேரில் நாற்பத்தைந்து பேர், இரவு எட்டரைக்கு முடியும், கடைசி உடையின் படம் இணைப்பு. படத்தைப் பார்த்ததும் கொச்சியில் ஒரு ஒத்திகைக் கூடத்துக்காரர் சம்மதித்தார். மறைத்துச் சொன்னால் கடைசி நாளில் தெரியும். திறந்து சொன்னால் முதல் நாளே மறுப்பார்கள், உங்களுக்கு நேரமாவது மிஞ்சும்.

கையில் இருக்க வேண்டியவை:

மண்டபத்தின் எழுத்துச் சம்மதம், ரத்து விதியோடு. யார் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுதியிருக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியானாலும் பரவாயில்லை, வாய்ப்பேச்சு வேண்டாம்.

மண்டபத்தின் உள்ளாட்சி உரிம நகல். கேரளத்தில் பொது நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளாட்சி உரிமம் கேட்கிறது. உரிமம் இல்லாத கூடத்தில் யாராவது புகார் கொடுத்தால் நிகழ்ச்சி நிற்பது உங்கள் ஆட்டத்தால் இருக்காது, ஆனாலும் அலைவது நீங்கள்தான்.

ஒலிபெருக்கி அனுமதி. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் போடக் கூடாது. கேரளப் போலீஸின் துணா இணையதளத்தில் மைக் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கோவைப் பக்கம் என்றால் மண்டபம் எந்த ஸ்டேஷன் எல்லையில் இருக்கிறதோ அங்கே போய்க் கேளுங்கள். எல்லைப் பக்கத்தில் இது ஒரு பொறி: வீடு ஒரு மாநிலம், மண்டபம் இன்னொன்று. நான் முதலில் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு நாளை வீணாக்கினேன். மண்டபம் இருக்கும் ஸ்டேஷன்தான் கணக்கு.

பார்வையாளர் பட்டியல், வயதுச் சான்று பார்த்ததற்கான குறிப்போடு. டிக்கெட் போட்டு யாருக்கு வேண்டுமானாலும் விற்றால் பொது இடம் என்ற வாதம் வலுவாகும். அழைப்பும் பட்டியலும் முழுப் பாதுகாப்பு ஆகாது, ஆனால் இல்லாததைவிட நல்லது. பதினெட்டு நிறையாத யாரையும், அம்மாவோடு வந்தாலும், உள்ளே விடாதீர்கள்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கேரளத்தில் தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. நம் பக்கத்து அலுவலகங்களுக்குத் தயங்காமல் தமிழில் எழுதுங்கள். கொச்சிக்கு நான் மலையாளத்தில் எழுதி வாங்கினேன். எழுதியவருக்கு பர்லெஸ்க் என்ற சொல்லை விளக்கவே அரை மணி நேரம் ஆனது.

எல்லாக் காகிதத்துக்கும் ஆறு வாரம் ஒதுக்குங்கள். திருவிழா, தேர்தல் காலம் என்றால் எட்டு.

6. கேமரா

நான் மிகவும் வருந்திய இடம் இது. கொச்சிக்கு முன்னால், ஒரு தோழியின் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பேர் முன்னால் ஒரு முன்னோட்டம் ஆடினேன். எல்லாரும் தெரிந்தவர்கள். ஒருத்தி பாசத்தில் முப்பது வினாடி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு என் அத்தை அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா மூன்று நாள் பேசவில்லை. நான் காட்ட முடிவு செய்தது அந்தப் பன்னிரண்டு பேருக்கு. ஊருக்குக் காட்ட நான் முடிவு செய்யவில்லை. நான்கு நிமிடம் முழுக்க யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கப் பழகிவிட்டு, அந்தத் தீர்மானத்தை ஒரு கைபேசியிடம் விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்வது: அழைப்பிலேயே கைபேசி வாசலில் என்று எழுதுகிறேன். பெயர் எழுதிய துணிப்பை, வரிசை எண், திரும்ப வாங்க ஒரு டோக்கன். நாற்பத்தைந்து பைகளுக்கு மாஸ்டரிடம் மிஞ்சிய லைனிங் துணியே போதுமானதாக இருந்தது. வாசலில் நம்பிக்கையான ஒருவர் நிற்க வேண்டும். படம் எடுப்பவர் ஒருவர் மட்டும், எந்தப் படம் எங்கே போகலாம் என்று கையெழுத்து வாங்கிய பிறகு.

உடை மாற்றும் அறையை நீங்களே பாருங்கள். சார்ஜரிலிருந்து மின்விசிறி மூடி வரை, கண்ணாடிக்குப் பின்னால், ஜன்னல் இடுக்கு, எல்லாம். உடை மாற்றும் பெண்ணை அனுமதியின்றிப் பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. எடுக்கச் சம்மதித்திருந்தாலும் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியதும் அந்தப் பிரிவில்தான் வரும். அந்தரங்க உறுப்புகளின் படத்தை எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவும் உண்டு: மூன்றாண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளியே போய்விட்டால் முதலில் இணைப்பையும் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் அந்தத் தளத்தில் புகார், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார். அழுதுகொண்டே அழிக்கச் சொல்லிக் கெஞ்சினால் சான்று போய்விடும். நான் அப்படித்தான் செய்தேன்.

7. செலவு

என் முதல் ஆட்டக் கணக்கு, ரூபாயில்: கையுறை இரண்டு ஜோடி 900 (ஒன்று ஒத்திகைக்கு), சாட்டின் 700, பாடிசூட்டும் லியோடார்ட்டும் 850, சம்கி, லேஸ், குஞ்சம் 1,150, தையல் 1,800, கொக்கி வகையறா 180, விசிறி 520, செருப்பு 1,200, ஒப்பனை 900, இசை 2,500, ஒத்திகைக் கூடம் ஆறு மணி நேரம் 1,500, ரயிலும் ஆட்டோவும் 900, மண்டபத்தில் என் பங்கு 3,000. மொத்தம் 16,100. போன முன்பணம் 4,000 சேர்த்தால் 20,100. அழைப்பில் வந்தவர்கள் தந்த பங்கிலிருந்து எனக்கு 3,200 வந்தது. ஆக, முதல் ஆட்டத்தில் காசு பார்க்கலாம் என்று கடன் வாங்காதீர்கள். தையலிலும் செருப்பிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். சம்கியில் பிடியுங்கள், விளக்கு வெளிச்சத்தில் பாதி அளவே போதும்.

8. பன்னிரண்டு வாரம்

முதல் வாரம் எல்லையும் பெயரும். இரண்டு, மூன்றில் பாட்டு. நான்கில் துணி, தையல்காரர். நான்கு முதல் ஒன்பது வரை ஒத்திகை, அதே சமயம் மண்டபமும் காகிதமும். ஒன்பதில் உடை கைக்கு வர வேண்டும், அதனால் தையல்காரரிடம் எட்டில் வேண்டும் என்று சொல்லுங்கள். பத்து, பதினொன்றில் உடையோடு ஒத்திகை. பன்னிரண்டில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். மாதவிலக்கு எந்த வாரம் வரும் என்பதையும் நாள்காட்டியில் பாருங்கள். வெள்ளை சாட்டினை மாற்ற அப்போது நேரம் இருக்கும்.

9. அன்றைக்கு

பாலக்காடு ஜங்ஷனிலிருந்து எர்ணாகுளம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். காலை வண்டியில் போங்கள். பாட்டு பென் டிரைவில் ஒன்று, கைபேசியில் ஒன்று. ஊசி நூல், ஊக்கு ஒரு டஜன், பவுடர், இரட்டைப் பக்க டேப், இரண்டாவது காலுறை. சாப்பாடு மூன்று மணி நேரம் முன்னால், இட்லி போதும்.

ஒலி பார்ப்பவரிடம் ஒரு தாள் கொடுங்கள்: "நான் முதுகைக் காட்டி நின்றதும் பாட்டு. கடைசி விசிறி மூடியதும் விளக்கு அணைய வேண்டும்." வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். கழற்றியதைப் பொறுக்க ஒருவர் வேண்டும். அவர் ஆட்டம் முடிந்த பிறகுதான் மேடைக்கு வர வேண்டும். வீசும் பொருளை மேடையின் பின்பக்கம் வீசுங்கள். நான் கையுறையை முன்வரிசைக்கு வீசினேன், அது திரும்பி வரவில்லை.

ஏதாவது சிக்கினால் நிறுத்துங்கள், அவர்களைப் பாருங்கள், சிரியுங்கள், மெதுவாகக் கழற்றுங்கள். கொச்சியில் என் இடது காலுறைக் கிளிப் மூன்று எட்டுக்கு விடவில்லை. நான் அதையே பார்த்தேன், அப்புறம் அவர்களைப் பார்த்தேன், மறுபடி அதைப் பார்த்தேன். அன்று அதிகம் சத்தம் வந்த இடம் அதுதான். நான் நோட்டில் எழுதாத இடம்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

சம்கித் துணியை இயந்திரத்தில் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ, அலசி, துண்டில் சுருட்டி ஈரம் எடுத்து, நிழலில் படுக்கை வசமாகக் காயவையுங்கள். கையுறையை உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு விரலுக்குள்ளும் கொஞ்சம் பவுடர் தட்டி வையுங்கள். எந்தக் கொக்கி இழுத்தது, எந்த எட்டில் தாமதமானது என்று அன்று இரவே நோட்டில் எழுதுங்கள், காலையில் மறந்துவிடும். மாஸ்டருக்கு ஒரு போன் போடுங்கள். நான் போட்டபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பிரிஞ்சுதா கண்ணு?" பிரிந்தது என்றேன். அடுத்த பாவாடைக்கு அளவு எடுக்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.